கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்: இன்டிசைனில் காணாமல் போன படங்கள்

படத்தைத் திருத்தியாயிற்று. திருத்திய படம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பிடிஎஃப் எடுத்தால் பழைய படமே வருகிறது. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில், வைத்த படங்களின் நிலையைக் காட்டும் லிங்க்ஸ் பேனலில் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டுகிறது.

ராயப்பேட்டையில் ஒரு சிறிய பதிப்பகம் என்னைக் கூப்பிட்டதற்கு இது ஒரு காரணம். போய் உட்கார்ந்ததும் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. அதே ஆவணத்தை மேக்கில் திறந்தால் எல்லாப் படங்களும் காணோம். இன்டிசைன் பக்கங்களின் எழுத்தை மட்டும் திருத்த உதவும் இன்காப்பியில் ஓர் அத்தியாயத்தை யாரோ திருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பூட்டியே வைத்திருக்கிறது. யார் என்று விசாரித்தால் அப்படி யாரும் இல்லை. நவம்பர் முடியப் போகிறது, ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. சென்னையில் பதிப்புத் தொழிலோடு கொஞ்சம் ஒட்டியிருப்பவர்களுக்கும் இந்த மாதங்களின் சூடு தெரியும்.

புத்தகம் சென்னைக் கோயில் குளங்களைப் பற்றிய படநூல். பக்கம் கட்ட இரண்டு விண்டோஸ் கணினிகள், படங்களைச் செப்பனிட ஒரு மேக், ஆசிரியருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் இன்காப்பி போட்ட இரண்டு கணினிகள். இவர்கள் சர்வர் என்று சொல்வது ஒரு பழைய டெஸ்க்டாப். ரிச்சி தெருவில் வாங்கிய டிஸ்க்குகளைப் போட்டு, லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவும், மற்ற கணினிகளோடு ஃபைல்களைப் பகிர உதவும் சாம்பாவும் ஏற்றி, ‘வேலை’ என்ற பெயரில் ஒரு ஷேர், அதாவது எல்லோருக்குமான பொது ஃபோல்டர், திறந்து வைத்திருந்தார்கள். கேலியாகச் சொல்லவில்லை. விலை கொடுத்து வாங்குகிற மூடிய பெட்டிகளைவிட இதில் உள்ளே நுழைந்து பார்ப்பது எனக்கு எளிது. கடைசியில் அந்த வசதிதான் கைகொடுத்தது.

இன்டிசைனில் படம் வைக்கும்போது முழுப் படமும் ஆவணத்துக்குள் போவதில்லை. திரையில் காட்ட ஒரு சின்னப் பிரதி, படம் இருக்கும் பாதை, கடைசியாக அது மாறிய நேரம் போன்ற சில விவரங்கள், அவ்வளவுதான் போகும். பாதையில் படம் இல்லையென்றால் பேனலில் சிவப்பு வட்டத்துக்குள் கேள்விக்குறி. படம் இருந்து, வைத்த பிறகு மாறியிருந்தால் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி. இன்காப்பிக்காகப் பிரித்து வைக்கும் கட்டுரைகளும் இப்படித்தான். ஒவ்வொன்றும் ஐசிஎம்எல் என்ற தனி ஃபைல், ஆவணத்துக்குள் அதன் பாதை மட்டும். பேனல் ‘காணோம்’ என்று சொல்லும். ஏன் காணோம் என்று சொல்லாது. அதை நாம்தான் பாதையைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

“அண்ணா, நேத்து ராத்திரி எல்லாத்தையும் ரீலிங்க் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலைல வந்து பார்த்தா மறுபடியும் அத்தனையும் கேள்விக்குறி” என்றார் பக்கம் கட்டும் பெண்.

“எந்த மெஷின்ல பண்ணீங்க?”

“மேக்ல. என் சிஸ்டம் ரொம்ப ஸ்லோ.”

ரீலிங்க் என்றால் படம் இருக்கும் இடத்தை ஆவணத்துக்கு மறுபடி காட்டிக்கொடுப்பது. இனி நான் சொல்லும்வரை யாரும் அந்த பட்டனைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த பட்டன் உதவி செய்வதுபோல் செய்து தடயத்தை அழித்துவிடும். ஆவணத்துக்குள் எழுதியிருக்கும் பழைய பாதைதான் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி. ரீலிங்க் செய்ததும் அதன்மேல் புதிய பாதை எழுதப்படும். அந்தப் புதிய பாதை அந்த ஒரு கணினிக்கு மட்டும் சரியானதாக இருந்தால், அடுத்த கணினியில் மறுபடி சிவப்பு. அங்கே இருப்பவர் வேறு பாதைக்கு ரீலிங்க் செய்வார். பந்து அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும். இவர்கள் அலுவலகத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பேனல் மெனுவில் காப்பி இன்ஃபோ என்ற பகுதிக்குள் முழுப் பாதையை நகலெடுக்கும் வசதி இருக்கிறது. காணாமல் போன ஒரு படத்தின் பாதையை எடுத்து நோட்பேடில் ஒட்டினேன். அதே படம் இப்போது உண்மையில் எங்கே இருக்கிறதோ, அந்தப் பாதையை அதன் கீழே ஒட்டினேன். இரண்டு வரிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

மேக்கின் வழக்கு அப்படித்தான் முடிந்தது. ஆவணத்தில் இருந்தது ‘வேலை-1’, இப்போது இருப்பது ‘வேலை’. மேக்கில் ஒரு ஷேரை இணைத்தால் அது வால்யூம்ஸ் என்ற ஃபோல்டருக்குள் தன் பெயரில் வந்து உட்காரும். மின்சாரம் போய் சர்வர் சட்டென்று அணைந்தால், சில சமயம் அந்த இடத்தில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் தங்கிவிடும். அடுத்த முறை இணைக்கும்போது பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பதால் மேக் ஒரு ‘-1’ சேர்த்துக்கொள்ளும். மேக்கில் ஃபைல்களைப் பார்க்க உதவும் ஃபைண்டரின் பக்கப்பட்டியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அங்கே வெறும் ‘வேலை’ என்றே இருக்கும். பாதையில் மட்டும்தான் அந்த வால் தெரியும். இரவில் வால் உள்ள பாதைக்கு ரீலிங்க் செய்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் மேக்கை மறுபடி போட்டதும் வால் போய்விட்டது, படங்களும் போய்விட்டன.

சரிசெய்ய, ஷேரை முதலில் எஜெக்ட் செய்துவிட்டு, ஃபைண்டரில் ஷிஃப்ட்-கமாண்ட்-ஜி அழுத்தி வால்யூம்ஸுக்குப் போய், மிச்சமிருக்கும் ஃபோல்டர் உண்மையிலேயே காலிதானா என்று திறந்து பார்த்துவிட்டு நீக்க வேண்டும். அப்புறம் மறுபடி இணைக்க வேண்டும். ஷேர் இணைந்திருக்கும்போது அந்த இடத்தில் எதையும் அழிக்கப் போகாதீர்கள். அழிவது சர்வரில் இருக்கும் புத்தகமாக இருக்கும்.

விண்டோஸ் பக்கம் இதைவிடச் சின்ன விஷயம். ஒரு கணினியில் ஷேர் இசட் டிரைவ், இன்னொன்றில் ஒய் டிரைவ். இரண்டையும் இசட் ஆக்கி, கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் தானாக இணையும்படி வைத்தேன். இவர்கள் எல்லாப் புத்தகங்களின் படங்களையும் ஷேரின் மேல்மட்டத்தில் ‘படங்கள்’ என்ற ஒரே பெரிய ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணத்துக்குப் பக்கத்திலேயே லிங்க்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் படங்களைப் போட்டால், பாதை மாறினாலும் இன்டிசைன் அங்கே தேடி எடுத்துக்கொள்ளும். பேக்கேஜ் செய்து அச்சகத்துக்கு அனுப்பும் ஃபோல்டர் எந்த ஊருக்குப் போனாலும் திறப்பது அதனால்தான். ஆனால் அச்சுக்குப் போகும் நேரத்தில் வீட்டை இடித்துக் கட்டக் கூடாது. அடுத்த புத்தகத்திலிருந்து என்று முடிவானது.

பூட்டிக் கிடந்த அத்தியாயத்தையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இன்காப்பியில் ஒருவர் ஒரு கட்டுரையைத் திருத்த எடுத்தால், அந்த ஐசிஎம்எல் இருக்கும் ஃபோல்டரிலேயே ஐடிஎல்கே என்று முடியும் ஒரு மறைவு ஃபைல் உருவாகும். அதுதான் பூட்டு. அவர் திருப்பி வைத்ததும் அது மறையும். மின்சாரம் போனால் திருப்பி வைக்க யாரும் இல்லை. பூட்டு அப்படியே நிற்கும். மறைவு ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஃபைலின் நேரமும் மின்வெட்டு நேரமும் ஒன்றாக இருந்தன. யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் போனதற்குக் காரணம் வேறு. இன்காப்பியிலும் இன்டிசைனிலும் ஃபைல் மெனுவில் பயனர் பெயர் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. ஆசிரியர் கணினியிலும் மெய்ப்புப் பார்ப்பவர் கணினியிலும் அந்தப் பெயர் ‘டிடிபி’. ஒரு டிஸ்க்கைப் படியெடுத்து இன்னொன்றில் போட்டிருக்கிறார்கள். ஆக, டிடிபி என்ற யாரோ ஒருவர் இரவும் பகலும் திருத்திக்கொண்டிருந்தார்.

பூட்டைக் கண்டதும் அழிப்பது சரியல்ல. முதலில் இரண்டு கணினிகளிலும் இன்காப்பியைத் திறந்து, அது மீட்டெடுக்க ஏதாவது வைத்திருக்கிறதா என்று பார்த்தோம். ஆசிரியர் கணினியில் இருந்தது. திருப்பி வைக்கச் சொன்னேன், பூட்டு தானாகவே போனது. அப்படிப் போகவில்லை என்றால் ஐசிஎம்எல்லுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, எல்லோரும் மூடியபின் பூட்டு ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தலாம். ஐசிஎம்எல் உள்ளே வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துதான்; எந்த எடிட்டரில் திறந்தாலும் கடைசியாகச் சேமித்த பத்தி எது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சர்வரே வேண்டாம், இணையச் சேமிப்பில் போட்டு எல்லோர் கணினியிலும் ஒத்திசைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே பூட்டு ஃபைலும் மற்ற ஃபைல்களைப் போல மெதுவாகத்தான் வந்து சேரும். அது வருவதற்குள் இரண்டு பேர் ஒரே கட்டுரையைத் திறந்திருப்பார்கள்.

இதெல்லாம் முடிந்தபின் விண்டோஸ் கணினியில் திறந்தால் சிவப்பு இல்லை. மேக்கில் ‘ரீலிங்க் டு ஃபோல்டர்’ கொடுத்தேன். அது ஃபோல்டருக்குள் பெயர் பார்த்துப் பொருத்தும். பெரும்பாலான படங்கள் வந்து சேர்ந்தன. ஒரு கூட்டம் மட்டும் வரவே இல்லை. படங்கள் ஃபோல்டரில் இருக்கின்றன, பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஃபைண்டரில் இரட்டைச் சொடுக்கினால்கூடத் திறக்க மறுக்கிறது.

வராதவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். கந்தகோட்டம். திருவொற்றியூர். கபாலீசுவரர் கோயில். சௌகார்பேட்டை. கிழக்குக் கோபுரம். வந்தவற்றைப் பக்கத்தில் எழுதினேன். மயிலாப்பூர் குளம். திருவான்மியூர். வேளச்சேரி. வடபழனி. தெப்பத் திருவிழா.

வேளச்சேரியில் இரட்டைக் கொம்பு இருக்கிறது, வந்துவிட்டது. தெப்பத்தில் ஒற்றைக் கொம்பு இருக்கிறது, வந்துவிட்டது. திருவான்மியூரில் கால் இருக்கிறது, அதுவும் வந்துவிட்டது. கொம்பும் காலும் சேர்ந்து ஓர் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும்தான் சிக்கல். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள். வேறு எதுவுமில்லை.

தெரிந்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும்தான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இந்த மூன்று குறிகளையும் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறிக்கென்று ஒரே ஒரு குறியீடு இருக்கிறது. அதையே இரட்டைக் கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. திரையில் ஒரு இம்மி வித்தியாசம் இருக்காது. ஆனால் அந்த விதி லினக்ஸின் ஃபைல் அமைப்புக்குத் தெரியாது. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. ‘கோயில்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால் 6 குறியீடுகள், பிரித்து எழுதினால் 7. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். ஆக ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட். அந்த உபுண்டு சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு வேறு பெயர்கள், ஒரே ஃபோல்டரில் இரண்டும் அக்கம்பக்கமாக இருக்கலாம்.

இருந்தன. விண்டோஸ் எக்ஸ்புளோரரில் பெயர் வரிசையில் பார்த்தால் ‘கந்தகோட்டம் 02’ இரண்டு முறை. பக்கம் கட்டுபவர் பார்த்துவிட்டு, “இது எனக்கு முன்னாடியே தெரியும்ணா, ஏதோ ரெஃப்ரெஷ் ஆகலைன்னு நெனச்சேன்” என்றார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒரு பெயர் எந்த வகை என்று கண்டுபிடிக்க விண்டோஸில் ஒரு சுலபமான வழி இருக்கிறது, எந்த மென்பொருளும் தேவையில்லை. ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். கர்சரை ‘கோ’ என்ற எழுத்துக்கு அடுத்து வைத்து ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் சேர்ந்த வகை. ‘கே’ மிஞ்சினால் பிரிந்த வகை. பார்த்துவிட்டு எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள், எண்டர் அழுத்திவிடாதீர்கள்.

பிரிந்த பெயர்கள் எங்கிருந்து வந்தன? புகைப்படக்காரரிடம் இருப்பது மேக். மேக்கின் பழைய ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும் என்றாலும், மேக்கில் ஓடும் பல மென்பொருள்கள் இன்னும் பிரித்தே கொடுக்கின்றன. அவர் படங்களை ஜிப் செய்து அனுப்பியிருக்கிறார். ஜிப்புக்குள் பிரிந்த பெயர். இங்கே விண்டோஸில் விரித்து சர்வரில் போட்டிருக்கிறார்கள், பிரிந்தது பிரிந்தபடியே வந்திருக்கிறது. அதே பெயரை விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் சேர்ந்த வகை வரும். ஜெர்மன்காரர்கள் தங்கள் உம்லாட் எழுத்துகளில், கொரியர்கள் தங்கள் எழுத்துகளில் இதே தொல்லையைப் பல காலமாக அனுபவிக்கிறார்கள். நமக்கு மூன்று குறிகளோடு போயிற்று.

இப்போது முதல் புகாரின் முடிச்சு தானாக அவிழ்ந்தது. விண்டோஸில் பக்கம் கட்டியவர் வைத்தது பிரிந்த பெயருள்ள படம். படம் செப்பனிடுபவர் புகைப்படக்காரர் தந்த படத்தைத் தன் மேக்கிலேயே வைத்துத் திருத்தி, சர்வரில் அதே பெயரில் சேமித்தார். மேக், சாம்பா சர்வரோடு பேசும்போது மட்டும் பெயரைச் சேர்த்து அனுப்பும். சர்வரில் இருப்பதோ பிரிந்த பெயர். எனவே பழையதன்மேல் எழுதப்படாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று உருவானது. பழைய படம் தொடப்படவே இல்லை, அதனால் விண்டோஸில் மஞ்சள் முக்கோணமும் வரவில்லை. பேனல் பொய் சொல்லவில்லை. அது கேட்ட ஃபைல் அங்கே மாறாமல் இருந்தது. ஃபைண்டரில் பெயர் தெரிந்தும் படம் திறக்காததற்கும் இதுவே காரணம்: மேக் சேர்ந்த பெயரைக் கேட்கிறது, சர்வர் அப்படி ஒன்று இல்லை என்கிறது.

அலுவலகத்தில் இதனால் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. ஒருவர் தன் திரையில் திருத்திய படம் தெரிகிறது என்கிறார், இன்னொருவர் பழையதுதான் தெரிகிறது என்கிறார். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

சரிசெய்யும் வேலையில் வரிசை முக்கியம். எல்லாக் கட்டுரைகளையும் திருப்பி வைக்கச் சொல்லி, எல்லோரையும் இன்டிசைனை மூடச் சொல்லிவிட்டு, முழு ஷேரையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். டிஸ்க்கை நேரடியாக சர்வரிலேயே செருகி எடுத்தேன். மேக் வழியாக நகலெடுத்தால் பெயர்கள் வழியிலேயே உருமாறும், பிறகு அந்த நகலை நம்ப முடியாது.

அடுத்து, சர்வரிலேயே பைத்தானில் ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு ஃபோல்டரிலும் உள்ள பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிப் பார்த்து, மாற்றியபின் ஒன்றாகிவிடும் ஜோடிகளை அளவு, தேதியோடு பட்டியல் போடும். எதையும் மாற்றாது. இந்தப் பட்டியலைப் படம் செப்பனிடுபவர் கையில் கொடுத்து, இரண்டு படங்களையும் திறந்து பார்த்து எது வேண்டும் என்று குறிக்கச் சொன்னேன். தேதி புதியதைத் தானாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஓரிடத்தில் தேதி புதியதாக இருந்தது, யாரோ இணையத்துக்காகச் சின்னதாக்கிய படம். மனிதக் கண் வேண்டிய இடம் இது. வேண்டாதவற்றை அழிக்காமல் ‘பழையவை’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தினோம்.

ஜோடிகள் தீர்ந்தபின் பெயர் மாற்றம். லினக்ஸில் கான்வ்எம்வி என்று ஒரு பழைய கருவி இருக்கிறது. ஃபைல் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றுவதற்கென்றே எழுதப்பட்டது; சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதியும் அதில் உண்டு. இதில் எனக்குப் பிடித்த குணம், தனியாகச் சொன்னாலொழிய அது எதையும் மாற்றாது. என்ன மாற்றப்போகிறேன் என்று காட்டிவிட்டு நின்றுவிடும். காட்டியதைப் படித்தேன், ஒத்துக்கொண்டேன், ஓடவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

முடிந்ததும் எதிர்பார்த்தபடி விண்டோஸில் அந்தப் படங்கள் எல்லாம் சிவப்பு. ஆவணத்துக்குள் இருப்பது பிரிந்த பெயர், சர்வரில் இருப்பது இப்போது சேர்ந்த பெயர். கையால் ஒவ்வொன்றாக ரீலிங்க் செய்தால் பொழுது விடிந்துவிடும். இன்டிசைனுக்குள் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். காணாமல் போன லிங்க் ஒவ்வொன்றையும் எடு, பாதையைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்று, அந்தப் பாதையில் ஃபைல் இருந்தால் மட்டும் ரீலிங்க் செய், இல்லையென்றால் தொடாமல் பட்டியலில் எழுது. இவ்வளவுதான் வேலை. நடுவில் ஒரு தடங்கல். இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் இந்த வடிவ மாற்றத்துக்கு ஒரே சொல்லில் வசதி இருக்கிறது. இன்டிசைனின் எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் அந்த வசதி வருவதற்கு முந்தைய தலைமுறை, அதில் கிடையாது. நமக்கு அது தடையே இல்லை. ஒற்றைக் கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் ஒகரக் குறி, இரட்டைக் கொம்பும் காலும் வந்தால் ஓகாரக் குறி, ஒற்றைக் கொம்பும் ஔகாரத்துக்கான வலப்பக்க அடையாளமும் வந்தால் ஔகாரக் குறி. மூன்று மாற்றல் வரிகள். ‘ஔ’ என்ற தனி உயிரெழுத்துக்கும் ஒன்று சேர்த்தேன். இந்த வரிகளில் தமிழ் எழுத்தை நேரடியாக அடிக்காமல் எண்களாக எழுதுவது நல்லது. அடித்தால், சேமிக்கும்போது எடிட்டரே அவற்றைச் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் ‘கோ’வை ‘கோ’வாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்டுவதற்குமுன் பிரிஃபரன்ஸஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதிக்குப் போய், ரீலிங்க் செய்யும்போது படத்தின் அளவைக் காப்பாற்றும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்திய படங்கள் சில வேறு பிக்ஸல் அளவில் இருந்தன. குறி இல்லையென்றால் படம் தன் இஷ்டத்துக்குப் பெரிதாகி, கோபுரத்தின் கலசம் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

சிவப்பு போயிற்று. திருத்திய படங்கள் பிடிஎஃபில் வந்தன. மேக்கிலும் வந்தன.

இதற்குப் பிறகு நடந்த பேச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உரிமையாளர் கேட்டார்: “சார், பேசாம எல்லா ஃபைலுக்கும் இங்கிலீஷ்லயே பேர் வெச்சுடலாமா? அந்தக் காலத்துல அப்படித்தானே இருந்தது?” இருந்தது உண்மைதான். 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை அறிவித்த நாட்களிலும் ஃபைல் பெயர் ஆங்கிலத்தில்தான். தமிழ் என்பது எழுத்துருவுக்குள் மட்டும் தெரியும், அதற்கு வெளியே ‘கபாலி ஃபைனல் ஃபைனல் 2’ என்று ஆங்கிலத்தில் அடித்துத்தான் வாழ்ந்தோம். தொழில்நுட்பப்படி பார்த்தால் அவர் கேட்டது பாதுகாப்பான யோசனை. வேறு சில நன்மைகளும் உண்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் அது 85 குறியீடுகளில் முடிந்துவிடும். நம் ஆட்கள் படக்குறிப்பையே ஃபைல் பெயராக வைப்பவர்கள், முட்டத்தான் செய்யும்.

ஆனால் பக்கம் கட்டுபவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இங்கிலீஷ்ல வெச்சா ஆளுக்கொரு ஸ்பெல்லிங் வெக்கிறாங்க சார். திருவொற்றியூருக்கு எத்தனை விதம்! தமிழ்ல அடிச்சா ஒரே தடவைல கிடைக்குது.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருவல்லிக்கேணிக்கு ட்ரிப்ளிகேன் என்று ஒருவரும் தமிழ் ஒலிப்படி இன்னொருவரும் எழுதிவைத்த ஃபோல்டர்கள் அந்த சர்வரிலேயே கிடந்தன. ஆகவே தமிழ்ப் பெயரே இருக்கட்டும், வாசலில் காவல் போடலாம் என்று நான் அவர் பக்கம் நின்றேன்.

காவல் இதுதான். சர்வரில் ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர். வெளியிலிருந்து வரும் எந்தப் படமும் அதற்குள் மட்டும்தான் விழ வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு நிரல் ஓடி, பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, 80 குறியீடுகளுக்கு மேல் நீண்டிருந்தால் நிறுத்தி வைத்து, மற்றவற்றைப் புத்தகத்தின் ஃபோல்டருக்கு நகர்த்தும். அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால் மேலெழுதாது; ‘மோதல்’ என்ற ஃபோல்டரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். சர்வரின் கடிகாரத்தையும் இணைய நேரத்தோடு ஒட்ட வைத்தேன், நேரம் பின்தங்கியிருந்ததால் எப்போது எது திருத்தப்பட்டது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இருந்தது.

இரண்டு விஷயங்களை மட்டும் நிரலிடம் விடவில்லை. ஒன்று, ஸ்ரீ. இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆனால் யூனிகோட் இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, ஆகவே எந்த வடிவ மாற்றமும் இதைத் தொடாது. பார்த்தசாரதி கோயில் படங்களில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. ஸகரம் என்று முடிவு செய்து, கையாலேயே மாற்றினோம்.

இன்னொன்று, ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்கு ளகரத்தை அடிப்பது. சௌகார்பேட்டையைச் ‘செளகார்பேட்டை’ என்று ஒற்றைக் கொம்பும் சகரமும் ளகரமுமாக எழுதியிருப்பார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கும், கணினிக்கு அது வேறு சொல். அப்படி எங்கே வந்தாலும் மாற்றிவிடு என்று நிரலுக்குச் சொல்லலாம் என்று உரிமையாளர் ஆசைப்பட்டார். சொன்னால் என்ன ஆகும் என்று காட்டினேன். மயிலாப்பூரில் வெள்ளீசுவரர் கோயில் இருக்கிறது, அந்தப் படங்கள் புத்தகத்திலும் இருக்கின்றன. அங்கே ஒற்றைக் கொம்புக்குப் பின்னால் வரும் ளகரம் உண்மையான ளகரம். நிரல் அதையும் ஔகாரமாக்கி, ‘வௌ’ என்று தொடங்கும் வாயில் நுழையாத ஒரு பெயரைக் கோயிலுக்கு வைத்துவிடும். குளங்களைப் பற்றிய புத்தகத்தில் ‘வெள்ளம்’ என்று தொடங்கும் படங்களும் குறைவில்லை.

அதனால் இந்தச் சந்தேகப் பெயர்களை நிரல் பட்டியலாக மட்டும் எழுதி வைக்கிறது. காலையில் மெய்ப்புப் பார்ப்பவர் மற்ற தாள்களோடு அதையும் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்துவிடுகிறார்.